அப்பளம் பொரியும் வரை

என் பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சியில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலைந்து சென்னியப்பன் வீடுகளைக் காட்டுவார்கள், அதில் என் வீடு இருக்காது. "நன்றியுரைக்காரர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள். ஆளில்லாமல் தானாக ஓடுகிற ஆட்டோகூட நேராகக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவிடும்.

எங்கள் தென்றல் மன்றத்துக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம், மத்தியானம் விருந்து. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து கடைசியாக ஒருவன் மைக்கைப் பிடிப்பான். அவன் பிடிக்கும்போது முன்வரிசை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நடுவரிசை எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டிருக்கும். பின்வரிசை எப்போதோ பந்தி வாசலுக்குப் போயிருக்கும். அந்த முதுகுகளைப் பார்த்து "அவையோரே!" என்று கூவுகிற ஆள் நான்தான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, சிறப்புரை ஆற்ற வேண்டும். தலைப்பு உட்படத் தயார்: 'தென்னையும் மனிதனும்'. தென்னைநார் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தலைப்பு வரும்? பீரோக் கண்ணாடி முன் நின்று எத்தனையோ வருஷமாக அதைப் பேசிப் பார்த்திருக்கிறேன். இந்நேரம் அந்தக் கண்ணாடியை மேடையில் ஏற்றிவிட்டால் என்னைவிட நன்றாகப் பேசும். ஆனால் சிறப்புரை எப்போதும் பேராசிரியர் குழந்தைவேலுவுக்குத்தான். பொன்னாடையும் அவருக்குத்தான். ஒருதடவை தவறிப்போய் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்து முடித்ததும், "அண்ணா, இது அடுத்த மாச விருந்தாளிக்குங்க" என்று திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

என் மனைவி கனகமணி முன்பெல்லாம் மூன்றாவது வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். அந்த மண்டபத்தில் எனக்கு முகம் காட்டிய ஒரே ஜீவன். போன வருஷத்திலிருந்து அவளும் சிறப்புரை முடிந்த கையோடு பந்திக்குக் கிளம்பிவிடுகிறாள். வயதாகிறது, பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன சித்திரையில் பேராசிரியரின் பேச்சுக்கு எழுந்த கைதட்டலைக் கேட்டு எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்து, நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன். மாரடைப்பு இல்லை, வெறும் பொறாமை என்று ஆஸ்பத்திரியில் சொல்லாமல் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கனகமணி சொன்னாள்: "பேசாம நிறைவு மையத்துல போய் அந்த ஆசையை எடுத்துட்டு வந்துருங்க. கூட நான் வாறேன்."

அந்த மையம் உடுமலை ரோட்டில் திறந்ததிலிருந்து ஊரில் ஆசை எடுத்துக்கொள்வது காது குத்திக்கொள்வது மாதிரி ஆகிவிட்டிருந்தது. எங்கள் தெருவிலேயே ஒருவர் பெரிய கார் ஆசையை எடுத்துவிட்டு ஸ்கூட்டரைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார். எதிர்வீட்டு ருக்மணியம்மாள், வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் செய்ய வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர், அதை எடுத்துவிட்டார். இப்போது நன்றாகத் தூங்குகிறார். மகன்தான் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, "அங்கிள், அம்மா போனையே எடுக்கறதில்லைங்க, நல்லாருக்காங்களா?" என்று கேட்கிறான்.

மையத்தில் டாக்டர் ஜெசிந்தா, நாகர்கோவில் பக்கத்துப் பெண், என்னை உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார்.

"எனக்கென்னங்க வேணும், ஒண்ணும் வேண்டாங்க" என்றேன். போன வீட்டில் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சொல்வோமே, அதே குரல்.

"சிறப்புரை பேசோணுமுங்க இவருக்கு" என்றாள் கனகமணி. "அதை எடுத்துருங்க." சொத்தைப் பல்லைக் காட்டுகிற மாதிரி என்னைக் காட்டினாள்.

"வலிக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வலிக்காது சார். ஒரு பொருள் வேணும்னு நினைச்சா மூளைக்குள்ள ஒரு இடம், 'இன்னும் வரலியே, இன்னும் வரலியே'ன்னு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். அந்த ஒரு ஆசைக்கான தட்டலை மட்டும் தேடிப் பிடிச்சு நிறுத்திருவோம். முதல்ல ஒரு மாசம் காதுக்குப் பின்னால ஒட்டு. அதை எடுத்தா ரெண்டொரு நாள்ல ஆசை திரும்பிரும். பிடிச்சிருந்தா நிரந்தரமா பண்ணிக்கலாம். அப்புறம் திரும்பவே திரும்பாது."

"மத்த ஆசையெல்லாம்?"

"அது அப்படியே இருக்கும். இன்னொண்ணு, இதைச் சொல்லணும்னு சட்டம். எடுத்த இடத்துல புதுசா ஏதாவது முளைச்சா மையம் பொறுப்பில்லை."

"முளைக்குங்களா?"

"இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லலை" என்று சிரித்தார்.

ஆசை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க என் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, யாரோ ஒருவர் பொன்னாடையோடு பேசி கைதட்டல் வாங்கும் காட்சியைக் காட்டினார்கள். பக்கத்துத் திரையில் என் மூளை தீபாவளி கொண்டாடியது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாக்கா?" என்றாள். கனகமணி தலையாட்டினாள்.

"உனக்கு எப்படி அம்மிணி இவங்களைத் தெரியும்?"

"தங்கச்சி கூடத் துணைக்கு வந்தப்போ பாத்ததுங்க" என்ற கனகமணி, ஒட்டு ஒட்டி முடிவதற்குள் எனக்குப் புத்தி சொன்னாள்: "மொதல் ரெண்டு நாள் அரிக்கும். சொறிஞ்சு போடாதீங்க."

அரித்தது. சொறியவில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்து, பல் துலக்கி, பீரோவைத் திறந்து சட்டையை எடுத்து, பீரோவை மூடினேன். கண்ணாடியில் ஒரு கிழவர் தெரிந்தார். அவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. பேராசிரியரை மார்க்கெட்டில் பார்த்தபோது முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். இரத்த அழுத்தம் இறங்கியது. வீட்டில் சத்தமே இல்லை. கனகமணி மட்டும் அவ்வப்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னுங்க, பேச்சு கீச்சு ஒண்ணையும் காணோம்?" என்பாள். "பேச என்ன இருக்குது அம்மிணி?" என்பேன்.

அந்த மாதக் கூட்டம் வந்தது. சிறப்புரை முடிந்து என் முறை. வழக்கமாக நான் மண்டபத்துக்கு, மேசைத் துணிக்கு, மைக் செட் அமல்ராஜுக்கு, நாற்காலி தூக்கியவர்களுக்கு, கரண்டு போகாமல் இருந்ததற்கு, கடைசியில் பெய்திருந்தால் பெய்ததற்காகவும், பெய்யாவிட்டால் விழாவைக் கெடுக்காததற்காகவும் மழைக்கு என்று ஒரு சுற்று வருவேன். யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்ற நப்பாசையில் நீட்டிய நீட்டல்தான் எல்லாம். அன்றைக்கு அந்த நப்பாசை இல்லை. மைக் முன்னால் நின்றேன். "வந்தவர்களுக்கும் பேசியவர்களுக்கும் நன்றி, வணக்கம்" என்றேன். அவ்வளவுதான்.

மண்டபம் அதிர்ந்தது. என் வாழ்நாளில் என் பேச்சுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். ஒட்டின் புண்ணியத்தில் அது எனக்கு மழைச் சத்தம் மாதிரிதான் கேட்டது.

கைதட்டியவர்கள் ஒட்டுமொத்தமாகப் பந்திக்குள் புகுந்தார்கள். அங்கே இலை போடவில்லை. தண்ணீர் வைக்கவில்லை. இடம் பிடிக்கிற தள்ளுமுள்ளில் உபதலைவர் பொருளாளர் மடியில் உட்கார்ந்தார். சமையல்காரர் நாச்சிமுத்து ஜல்லிக் கரண்டியோடு என்னைத் தேடி மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, என்ன பண்ணிப் போட்டீங்க?"

"பேசி முடிச்சேங்க."

"அதைத்தானுங்க கேக்கறேன்! நீங்க 'அவையோரே'ன்னாத்தான் நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்புல ஏத்துவேன். மைக் செட்டுக்கு வாறப்போ எண்ணெய் காஞ்சிருக்கும். மழைக்கு நன்றின்னு முடிக்கறப்போ கடைசி அப்பளம் வெளிய வந்து, இலையும் போட்டிருக்கும். இத்தனை வருசமா அப்படித்தானுங்க ஓடுது. இப்படித் திடீர்னு நிறுத்திப் போட்டா நாங்க எப்படிங்க தொழில் பண்றது?"

ஆக, இத்தனை வருஷமாக என் சொற்பொழிவை உன்னிப்பாகக் கேட்ட ஒரு ரசிகர் இருந்திருக்கிறார். அவர் அதை அப்பளம் பொரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார். ஒட்டு மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கு நான் அந்த எண்ணெய்ச் சட்டியிலேயே குதித்திருப்பேன்.

அடுத்த வாரம் மன்றத் தலைவர் மாரப்பன் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணா, பேராசிரியர் இனிமே பேச மாட்டாருங்களாம். கைதட்டல் ஆசையை எடுத்துட்டாராம். ஆடு வளக்கறாரு. ஆண்டு விழாவுக்கு நீங்கதான் சிறப்புரை."

நான் அந்தத் தட்டிலிருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சிவப்பு. "எனக்கென்னுங்க, வேற ஆராச்சும் பேசட்டும்" என்றேன்.

அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து மாரப்பன் சிரித்தார். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதை, இரண்டாவது பிகு, மூன்றாவதுதான் மறுப்பு. அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது. "நெஜமாத்தானுங்க, வேண்டாம். காப்பி சாப்பிடுங்க" என்றேன். காப்பி கொண்டுவந்த கனகமணி டம்ளரை மாரப்பனுக்கு நீட்டாமல் என் முன்னால் வைத்தாள்.

மாரப்பன் போனதும் அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, அந்த ஒட்டை எடுத்துருங்க."

"எதுக்கு அம்மிணி? நிம்மதியா இருக்கறனல்லோ. நீதானே கூட்டிட்டுப் போனே?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேன், இல்லீங்கல. நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தீங்களே, அந்தப் பயத்துல. நிம்மதியா இருக்கும், அது எனக்குத் தெரியாதுங்களா." டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "கேட்டது வாசல்ல வந்து நிக்கறப்போ, கேட்ட ஆளு வீட்டுல இருக்கோணுமுங்க. ஆளே இல்லாத வீட்டுல கொண்டாந்து வெச்சுட்டுப் போனா அது ஆருக்கு?"

எதற்கும் கலங்காத அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவளை அழவைத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆசை என்னிடம் இருந்ததில்லை, அதை மையத்தில் எடுக்கவும் இல்லை. ஒட்டைப் பிய்த்துப் போட்டேன்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அது திரும்பி வந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடிவருகிற மாதிரி வந்தது. வந்ததும் அது என்னைக் கேட்ட முதல் கேள்வி: 'அட மடையா, மாரப்பனிடம் என்ன சொல்லித் தொலைத்தாய்?' சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மாரப்பன் வீட்டுக்கு ஓடினேன்.

"அழைப்பிதழ் போயாச்சுங்கண்ணா" என்றார் அவர். "கோயமுத்தூர்ல இருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தரு வாறாரு. நீங்கதானே மூணு தடவை வேண்டாம்னீங்க?"

"சும்மா சொன்னதுங்க."

"மூணாவது தடவையும் சும்மா சொல்லுவாங்களா ஆராச்சும்? ஆனா நன்றியுரைக்கு உங்க பேருதானுங்க. வேற ஆராச்சும் பேசினா சமைக்க மாட்டேன்னு நாச்சிமுத்து ஒத்தக்கால்ல நிக்கறாரு."

எரிச்சலில் வெந்துகொண்டே வீடு திரும்பினேன். நீதிபதியைத் திட்டினேன், மாரப்பனைத் திட்டினேன், வழியில் குறுக்கே போன ஒரு கோழியையும் திட்டினேன். நேராகப் பீரோ முன் போய் நின்று, "அவையோரே!" என்று ஒரு போடு போட்டேன். சமையலறையில் தாளிக்கிற சத்தம் நின்றது. கனகமணி சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து பழைய ஆள் முறைத்துக்கொண்டிருந்தான், மூக்கு விடைத்து, கழுத்து நரம்பு புடைத்து. அவனைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிறப்புரை கிடைக்கவில்லை. இந்த ஜென்மத்தில் கிடைக்கப் போவதுமில்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. வயிறு எரிய எரியத்தான், 'தென்னையும் மனிதனும்' பேச்சில் ஒரு புது வரி தோன்றியது. நான் நிம்மதியாக இருந்த அந்த நாட்களில் ஒரு வரிகூடத் தோன்றவில்லை.

ஆண்டு விழாவில் நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற மாதிரி நெடுநேரம் பேசினார். பிறகு நான் எழுந்தேன். முதுகுகள் எழுந்தன. "அவையோரே!" என்றதும் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் 'ணங்' கேட்டது. அன்றைக்கு எனக்கு எல்லார்மேலும் அன்பாக இருந்தது. மேசைத் துணிக்கும் அமல்ராஜுக்கும் கரண்டுக்கும் சொன்னேன். புதிதாக, முன்வரிசையில் ஓர் ஆட்டுக்குட்டியின் போட்டோவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்த பேராசிரியருக்கும் சொன்னேன். மழைக்கும் சொன்னேன். வழக்கமாக அங்கே முடிப்பேன்.

அன்றைக்கு முடிக்கவில்லை. வீட்டு மனிதர்களுக்கு நாங்கள் நன்றி சொல்வதில்லை. அது சொந்த வீட்டுக்குள் நுழைய அழைப்புமணி அடிக்கிற மாதிரி. அதையும் மீறி, என்னமோ தோன்றியது. "என்னை எனக்கே திருப்பிக் கொடுத்த என் மனைவி கனகமணிக்கும் நன்றி" என்றேன்.

அவள் பந்தி வாசலில் நுழைந்துகொண்டிருந்தாள். நின்று, ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தியில் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். சிறு பிள்ளை பரிசு காட்டுகிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பளத்தை நொறுக்கி ரசம் சாதத்தில் போட்டுப் பிசைந்தாள்.

"கேட்டுச்சா அம்மிணி?"

"கேட்டுச்சுங்க. மைக் கொஞ்சம் இரைஞ்சுது."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. நர்ஸ் விசாரித்தது, ஒட்டு அரிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது, மூன்றாவது வரிசை காலியானது. "நீ எதை எடுத்தே?" என்று கேட்டேன்.

"இதைத்தானுங்க." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. "மேசைத் துணிக்குச் சொன்னீங்க, பேயாத மழைக்குச் சொன்னீங்க. இந்த மாசம் நம்ம பேரு வருமா, அடுத்த மாசம் வருமான்னு சின்னப் புள்ளையாட்ட உக்காந்துட்டே இருந்தேன். எனக்கே வெக்கமாயிருச்சு. போன வருசம் ஆடியில போய் எடுத்துட்டேன். நிரந்தரமாவே."

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டு வாங்கறதுக்குப் பேரு நன்றிங்களா?" என்றாள். என் இலையைப் பார்த்தாள். "சாப்புடுங்க. நீங்க ஏன் வருத்தப்படறீங்க? எனக்கு வருத்தமே இல்லீங்க. அதைத்தான் எடுத்தாச்சே."

வருத்தமில்லாத அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. மிளகாய்ப் பொடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மையத்திலிருந்து போன் செய்து, நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று மூன்று தடவை சொன்னேன். எனக்கு இப்போது நிறைவேறாத ஆசை இரண்டு. ஒன்று, சிறப்புரை. அது கிடைக்காமலே சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தெரிந்துவிட்டது. இன்னொன்று, கனகமணிக்கு அந்த ஆசை மறுபடி முளைக்க வேண்டும்; அதற்கு ஒவ்வொரு கூட்டத்திலும் முயன்றுகொண்டிருக்கிறேன். மழைக்கு அடுத்தபடியாக அவள் பெயரையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்தோடு. வெங்காயத்தை மெலிதாக நறுக்குவதற்கு. என் பேச்சை இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பொறுத்துக்கொண்டதற்கு. அவள் அந்நேரம் பந்தியில் இருப்பாள். வீட்டுக்குப் போனதும், "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு" என்பாள், அவ்வளவுதான். நாச்சிமுத்து மட்டும் இரண்டு ஈடு அப்பளம் கூடுதலாகப் பொரிக்க முடிவதாகச் சொல்லி மகிழ்ந்தார்.

போன மாதக் கூட்டத்தில் மழைக்கு நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். முதுகுகளுக்கு நடுவே, பந்தி வாசலில், ஒரு முகம் இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது. கையில் பை, தோளில் முந்தானை. நான் பெயரைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை நின்றது. பிறகு உள்ளே போனது.

"என்ன அம்மிணி, வாசல்லயே நின்னுட்டே?" என்று இலைக்கு வந்ததும் கேட்டேன்.

"எலை போடலீங்க. அதான் நின்னேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கை கழுவப் போகும்போது நாச்சிமுத்துவிடம் மெதுவாக விசாரித்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்ததாம்.